ட்ரீனாவின் கைப்பையில் இருந்தது

கைப்பையைத் தரையில் வைக்கும் பெண்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கிறாளே உங்கள் அலுவலகப் பெண், பையை நாற்காலிக்கு அடியில் செருப்போடு செருப்பாகத் தள்ளி வைத்திருக்கிறாள். அது ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிற கனத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், போலீஸில் உட்கார வைத்த பிறகும் டாகெட் வீட்டு வெர்னா வாயை மூடவில்லை என்று ஊர் பேசும்.

தண்ணீர் போதும், வேட் தம்பி. நீயும் உன் அம்மா கார்லீனைப் போலத்தான், கோப்பை நிறைய ஐஸைப் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பேருக்குக் காட்டுகிறாய்.

நம் ஊரில் சர்ச்சுக்கு வரும் பெண்களில் பாதிப் பேரின் பையில் துப்பாக்கி இருக்கிறது. ஒழுங்காக வைத்திருப்பவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். நெல்டா இருக்கிறாளே, விருந்து நாளில் பையைக் கழற்றி, சமைத்துக் கொண்டுவந்த காஸரோல் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, யார் வீட்டில் யார் படுக்கையறை மாற்றிக்கொண்டார்கள் என்று விசாரிக்கப் போய்விடுவாள். இரண்டு தடவை நானே எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டிருக்கிறேன். ஒலேட்டா ப்ரூவர் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு நடத்தும் சுடும் வகுப்பில் பதினோரு வருடம் உதவிக்கு நின்றவள் நான். பையில் துப்பாக்கிக்குத் தனி அறை வேண்டும். அந்த அறையில் உதட்டுச்சாயம், சாவி, மிட்டாய் எதுவும் கூடாது. விசையை முழுக்க மூடுகிற கெட்டி உறை வேண்டும். பட்டை உடம்புக்குக் குறுக்கே இருக்க வேண்டும். கடையில் தள்ளுவண்டியில் பையை உட்கார வைக்கக் கூடாது. இதையெல்லாம் நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

இந்த ஊரில் இதில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவள் என் மருமகள் ட்ரீனா. வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குத் தன் வீட்டு வாசற்படியில் செத்துப்போனாள். சுட்டவன் என் மகன் ராய்ஸ். அவளும் துப்பாக்கியை எடுத்தாள், நீட்டினாள், விசையை அழுத்தினாள். அது சுடவில்லை. ஏன் சுடவில்லை என்பதுதானே உன் கேள்வி.

நேற்று நீ என் சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். "வெர்னாம்மா, எழுபத்தொரு வயசாகுது உங்களுக்கு. வரிசை மாறிப்போயிருக்கும். யாருக்கும் வரக்கூடிய மறதிதான். ஊர்ல ஒருத்தர்கூட உங்களத் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றாய். நல்ல பிள்ளை நீ. ஆனால் ராத்திரியெல்லாம் அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு மறதியா? நாற்பது வருடமாகத் துப்பாக்கியைத் தொடுகிறேன், ஒரு தடவை வரிசை மாறியதில்லை. என் கணவர் ஹாய்ட் ஒரு தடவை வீட்டு உத்தரத்தில் ஓட்டை போட்டார். அது அவர். நான் இல்லை. அதனால்தான் இன்று நானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தேன்.

வரிசையை முதலில் சொல்கிறேன், எழுதிக்கொள். தோட்டா அடுக்கிய மேகசினைக் கைப்பிடிக்குள் தள்ள வேண்டும். பிறகு மேலே இருக்கிற ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். கடக் என்று ஒரு சத்தம் வரும். அப்போதுதான் முதல் தோட்டா குழலுக்குள் ஏறும். விசையை அழுத்தினால் வெடிக்கும். அந்த ஸ்லைடு இருக்கிறதே, அதன் ஸ்பிரிங் கெட்டி. இழுக்க நல்ல மணிக்கட்டு வேண்டும். ட்ரீனாவின் இடது மணிக்கட்டைப் போன வருடம் ராய்ஸ் லாரிக் கதவில் வைத்துச் சாத்திவிட்டான். உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். அவளுக்கு ஊறுகாய் ஜாடியைத் திறப்பதே பெரும்பாடு.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். நீதிபதி முன்னால் நின்று என் மகன் செய்ததைச் சொன்னதும் நான். அவன் அவள் வீட்டை நெருங்கக் கூடாது என்று உத்தரவு வாங்கிக் கொடுத்ததும் நான். அன்றைக்கு சர்ச்சில் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு மாமியார் உண்டா என்றார்கள். கார்லீன்கூடப் பீகன் கொட்டை வைத்துச் சுட்ட இனிப்பு கொண்டு வந்தாள், அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது. ராய்ஸ் நாற்பது மைல் தள்ளி அவன் பெரியப்பா மகன் வீட்டில் போய் இருந்தான். ட்ரீனா எனக்கு எதிர்வீட்டிலேயே இருந்தாள். ஹாய்டின் துப்பாக்கியை அவளுக்குக் கொடுத்தேன். பழைய மாடல். உள்ளே தோட்டா ஏறியிருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பிறந்தநாளுக்கு நல்ல தோல் பையும் வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை வகுப்பில் அவள் சுட்டு முடித்ததும், மத்தியானம் அவள் சமையலறையில் நான் துப்பாக்கியைத் துடைத்து, நிரப்பி, ஸ்லைடை இழுத்து, உறையில் வைத்துப் பைக்குள் செருகிக் கொடுப்பேன். அடுத்த சனிக்கிழமை வரை அவளுக்கு அதுதான் உயிர். என் மணிக்கட்டுத்தான் என்றும் சொல்லலாம்.

அதையெல்லாம் நான் மனமாரத்தான் செய்தேன். ஐந்து மாதம் செய்தேன்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ட்ரீனா ஏழு தோட்டாவையும் காகித மனிதனின் நெஞ்சில் இறக்கினாள். ஏழும் ஒரு சின்னத் தட்டால் மூடிவிடக்கூடிய வட்டத்துக்குள். பெண்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

"என்னடி, ராய்ஸுக்குத் தொப்பை இதவிடப் பெருசாச்சே. உனக்கு வேலை இன்னும் சுலபம்டி" என்றாள் நெல்டா.

"நெஞ்சுல ஏன்டி தோட்டாவ வீணாக்குற. கொஞ்சம் கீழ எறக்கு. அவன் திமிரு மொத்தமும் அங்கதான இருக்கு" என்றாள் ஒலேட்டா. அவள் வகுப்பு நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பியானோ வாசிக்கிறவளும் அவள்தான்.

ட்ரீனா சிரிப்பை அடக்க முடியாமல் என்னைப் பார்த்தாள். "அத்தை, கோவிச்சுக்காதீங்க."

"எனக்கென்னடி கோவம். ஏழுக்கு ஏழு. ஜோரா சுட்டிருக்க."

நானும் சிரித்தேன், தம்பி. எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாகத்தான் சிரித்திருப்பேன். அன்றைக்கு மசாலா முட்டை செய்துகொண்டு போயிருந்தேன். அதைச் சுற்றிக் கொடுத்தேன். ஒருத்தி இரண்டு எடுத்தாள்.

மத்தியானம் ட்ரீனா அந்தக் காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். அதற்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் நான் துப்பாக்கியைத் துடைக்க வேண்டும். ராய்ஸுக்கு ஆறு வயதில் சளி நெஞ்சில் கட்டிக்கொள்ளும். ராத்திரி ராத்திரி மருந்து தேய்த்துவிடுவேன். ஏழு ஓட்டைகளும் இருந்தது சரியாக என் உள்ளங்கை பதிகிற இடம்.

நீயே யோசித்துப் பார். அவன் மோசமானவன்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. நீதிமன்றத்திலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவனைச் சுடப்போகும் தோட்டாவை வாரா வாரம் குழலில் ஏற்றி வைப்பது யார்? சுடுகிறவள் பயத்தில் சுட்டேன் என்பாள், சட்டம் அவள் முதுகில் தட்டிக்கொடுக்கும். ஊர் ஆறுதல் சொல்லக் காஸரோல் சமைத்துக் கொண்டு வரும். ஏற்றி வைத்தவளுக்கு என்ன சொல்வார்கள்? இப்படி ஒரு மாமியார் உண்டா என்பார்கள், மறுபடியும்.

அந்தச் சனிக்கிழமை நான் முதலில் ஸ்லைடை இழுத்துவிட்டேன். பிறகுதான் மேகசினைத் தள்ளினேன். குழலுக்குள் தோட்டா ஏறவில்லை. அவ்வளவுதான். எடை அதேதான், தோட்டா எண்ணிக்கை அதேதான். கடக் சத்தமும் அதேதான். ட்ரீனா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குளிர்ந்த தேநீரில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும், "ரெடியா அத்தை?" என்றாள்.

"பத்திரமா இருக்குடி" என்றேன்.

அதில் பொய் எங்கே இருக்கிறது? அதைவிடப் பத்திரமாக ஒரு துப்பாக்கி இருக்க முடியுமா? நாலு சனிக்கிழமை அப்படித்தான் கொடுத்தேன். வகுப்பில் அவள் சுடுவதற்கு முன் துப்பாக்கியை வாங்கி ஸ்லைடை இழுத்துக் கொடுப்பதும் நான்தான், அதனால் அவளுக்குத் தெரியவில்லை. பட்டையை உடம்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போய் வந்தாள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் முன்பு போல வெளிறிப்போவதில்லை. ஒழுங்காகத் தூங்கினாள், கன்னத்தில் கொஞ்சம் சதைகூடப் பிடித்தது. நான் அவளுக்குக் கெடுதல் நினைத்திருந்தால் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பேனா?

இதை நான் இதோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு டல்சா நகரத்தில் வேலை கிடைக்காமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

மாதக் கடைசியில் வீடு மாறுகிறேன் என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "அங்க போனா எனக்கு யாரு அத்தை நெரப்பிக் குடுப்பாங்க?" என்று கேட்டவள், அவளே பதிலும் சொன்னாள். அங்கேயும் ஒரு வகுப்பு இருக்கிறதாம், ஒலேட்டாவின் தங்கைதான் நடத்துகிறாளாம், எல்லாம் பேசியாகிவிட்டதாம். ஒலேட்டாவின் தங்கையை எனக்குத் தெரியும். மூன்று கல்யாணம் செய்துகொண்டவள், ஆனால் துப்பாக்கி விஷயத்தில் வரிசை மாறாது.

ராய்ஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போன் செய்வான். எப்போதும் ஒரே கேள்விதான். போன ஞாயிறும் அதைத்தான் கேட்டான்.

"அம்மா, அந்தப் பைய இன்னும் மாட்டிக்கிட்டுத்தான் திரியிறாளா?"

"ஆமா."

"அவளால ஸ்லைட இழுக்கவே முடியாதே. எவ பண்ணிக் குடுக்குறா?"

"நான்தான்."

"நீயா? பெத்த புள்ளைக்கு எதிரா நீயா?"

அந்தக் குரலைத் தாங்குகிற தாய் இருந்தால் காட்டு. உத்தரவுக்கெல்லாம் அவன் பயப்படவில்லை, அது காகிதம். ஆறு மாதமாக அவனைத் தள்ளி நிறுத்தியது அந்தப் பைதான். ஆனால் டல்சாவுக்கு அவள் போனால் ஒருநாள் இவனும் போவான். அவன் அப்பாவும் விட்டதைத் தேடிப்போகிற ஆள்தான். அங்கே போனால் ஏழும் நெஞ்சில். கணக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"அழாத. போறதுன்னா அவ இங்க இருக்கும்போதே போ. அந்தத் துப்பாக்கியில ஒண்ணும் வராது" என்றேன். "போய்ப் பேசு. கத்தாத. மூணரைக்கு வேலையிலேருந்து வந்திடுவா."

அவன் துப்பாக்கி கொண்டு வருவான் என்று உங்களுக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய். ராய்ஸ் துப்பாக்கி இல்லாமல் தபால் எடுக்கக்கூட வாசலுக்கு வரமாட்டான். அது உனக்கும் தெரியும், அவனோடு பந்து விளையாடியவன் நீ.

வியாழக்கிழமை நான் ஜன்னலோரம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். அவன் லாரி வந்து நின்றது. ட்ரீனா படியில் நின்றாள். ஒலேட்டா சொல்லிக் கொடுத்தது அத்தனையும் செய்தாள். ஒரு அடி பின்னால் போனாள், நில் என்று உரக்கச் சொன்னாள், பையைத் திறந்தாள், உறை பையிலேயே தங்க, துப்பாக்கி மட்டும் சுத்தமாகக் கைக்கு வந்தது. விரல் கடைசி நொடி வரை விசைக்கு வெளியே. வகுப்பாக இருந்தால் நானே கைதட்டியிருப்பேன். அழுத்தினாள். பிறகு அந்த இடது கையால் ஸ்லைடை இழுத்துப் பார்த்தாள். பெல்ட்டில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். அதுவும் ஒலேட்டா சொல்லிக் கொடுத்ததுதான். பிறகு திரும்பி என் ஜன்னலைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் வீட்டுக்குள் ஓடியிருக்கலாம்.

அடுப்பை அணைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தது நான்தான். அது உங்கள் பதிவில் இருக்கும்.

ராய்ஸை இந்தக் கட்டடத்தில்தானே வைத்திருக்கிறீர்கள்? அவனுக்கு வெங்காயம் ஆகாது, சமையல்காரரிடம் சொல்லிவிடு. அவன் நெஞ்சில் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான், அது எனக்குப் போதும்.

மறதி என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடு. முதலில் ஸ்லைடு, பிறகு மேகசின், தெரிந்தே செய்தேன். தெரிந்தே அவனிடம் சொன்னேன். அதோடு இதையும் சேர்த்து எழுது. அன்றைக்கு அந்த வாசலில் இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. அதில் ஒன்றால் யாருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. அதை நிரப்பிக் கொடுத்தவள் நான்.