பலகைக்கு ஒரு கலர்

ஆரியசாலை பெயிண்ட் கடையில் எனக்கு முன்னால் நின்ற தம்பதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணாச்சி, சாம்பிள் அடிச்சுப் பார்த்தே டெக் முழுக்கத் தீர்ந்து போச்சு!" என்றாள் மனைவி.

"பொன்முடி வீட்டு மரத்தளமா? பலகைக்கு ஒரு ஸ்டெயின் கலரா அடிச்சீங்க?" கடைக்காரர் திகைத்தார்.

"பின்னே? தேக்கு, தேன், காப்பின்னு எல்லாத்தையும் அடிச்சாச்சு. இப்ப வரிக்குதிரை மாதிரி கிடக்கு, கேட்டோ," என்றார் கணவர். "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அதுல உக்காந்துதான் சாயா குடிக்கணும்."

"அடிக்காத பலகை பாக்கி உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு. மழையில நரைச்சு கிடக்கு."

"அதுல கடைசியா ஒண்ணு அடிச்சுப் பாருங்க."

"ஐயோ, வேண்டாம்!" மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அதுதான் எல்லாத்திலயும் நல்லாருக்கு. அந்த நரைச்ச கலர் டப்பாவுல கிடைக்குமா, அண்ணாச்சி?"