கோயில் நிலத்துக்கு வந்த நீலத் தோங்

கஸ்தூரி: லோரிய உள்ள விடச் சொல்லட்டா தலைவரே? செடியெல்லாம் வெயில்ல வாடுது.

சபாபதி: இரும்மா... அந்த நீலத் தோங்குல என்ன? பீப்பா பெருசா இருக்கே.

கஸ்தூரி: அதுவா... உரம்.

சபாபதி: என்ன உரம்?

கஸ்தூரி: இயற்கை உரம்தான். மருந்து ஒரு சொட்டு கெடையாது.

சபாபதி: மூடியத் தெற.

கஸ்தூரி: வேணாம் தலைவரே, ஈ வரும்...

சபாபதி: தெற லா!... அலமாக்! மீனு!

கஸ்தூரி: பாதிக்குப் பாதி வெல்லம் போட்டு ஊற வெச்சது தலைவரே. பலகாரம்னு வெச்சுக்குங்களேன்.

சபாபதி: பலகாரமா? அம்மன் நெலத்துல அழுகின மீனா? இதுக்கா கோயில் கமிட்டியில தொண்ட கிழியப் பேசி, தோட்டம் போட இடம் வாங்கிக் குடுத்தேன்?

கஸ்தூரி: பூசைக்குப் பூவு, அன்னதானத்துக்குக் காயி... எல்லாம் தரேன்னுதானே வந்திருக்கேன்!

ராஜம்மா: என்னங்க இது, உங்க சத்தம் மடப்பள்ளி வரைக்கும் கேக்குது?

கஸ்தூரி: வாங்கக்கா. உங்க வீட்டுக்காரருக்கு நீங்களாச்சும் சொல்லுங்க. செனாய்ல இருந்த எடத்துலேருந்து பேக்டரி வருதுன்னு கெளப்புனாங்க. கூலாய்ல செம்பன நடணும்னு கெளப்புனாங்க. முருங்கக் கம்பு நட்டா, துளிர் விடறதுக்குள்ள லோரி புடிக்க வேண்டியதாயிருக்கு. இங்கயாச்சும் நெலச்சு நிப்போம்னு பாத்தா...

ராஜம்மா: பாவங்க.

சபாபதி: பாவந்தான். அதுக்காக? நான் கவிச்சிய விட்டது ஊருக்கே தெரியும். இந்தச் செம்பிலாங் மீன் வாடை பட்டாலே எனக்குக் கொமட்டும்.

கஸ்தூரி: ...செம்பிலாங்கா?

சபாபதி: என்ன?

கஸ்தூரி: உள்ள எல்லாம் கூழாக் கெடக்கு. எனக்கே என்ன மீனுன்னு அடையாளம் தெரியல. நீங்க மோந்ததும் பேரச் சொல்றீங்க!

சபாபதி: அது... சின்ன வயசுல தூண்டி போட்ட ஞாபகம்.

ராஜம்மா: எங்கேருந்துமா கொண்டாந்த இத?

சபாபதி: அதெல்லாம் இப்ப எதுக்கு ராஜம்மா?

கஸ்தூரி: கெலாங் பாத்தாவுல ஒரு சீனர் சாப்பாட்டுக் கடை, அக்கா. பச்சக் கூர போட்டிருக்கும். தலையும் கொடலும் எடுத்து வெப்பாங்க, பின்கட்டுல நின்னு வாங்கிக்குவேன்.

சபாபதி: ...பச்சக் கூரையா?

கஸ்தூரி: ஆமா.

சபாபதி: பின்கட்டோட வந்துருவல்ல? முன்னால வரமாட்டியே?

கஸ்தூரி: எதுக்கு வரணும்? நின்ன எடத்துலேருந்தே எல்லாம் தெரியுமே தலைவரே.

சபாபதி: எல்லாம்னா?

கஸ்தூரி: யார் யார் வராங்க, என்ன சாப்புடுறாங்க...

சபாபதி: லோரிக்காரரே! மசமசன்னு நிக்காதீங்க, உள்ள விடுங்க!

ராஜம்மா: என்னங்க திடீர்னு...

சபாபதி: மண்ணுக்கு ஏது சைவம் அசைவம்? பயிர் தின்னா அது பயிரோட பாடு.

கஸ்தூரி: அப்போ எடம்?

சபாபதி: இனிமே உனக்கு இதாம்மா எடம். முருங்க என்ன, மாங்கன்னே நடு!

கஸ்தூரி: நாளைக்கு வேற தலைவர் வந்தா?

சபாபதி: யார் வந்தாலும்! நெரந்தரம்னு கமிட்டியில இன்னிக்கே முடிச்சிடறேன், போதுமா? தோங்க மட்டும் அந்த மூலையில எறக்கச் சொல்றேன். பாத்து, பாத்து! சிந்தப் போவுது!

ராஜம்மா: ...அங்கிட்டுப் போயிட்டாரா?

கஸ்தூரி: போயிட்டாருக்கா.

ராஜம்மா: உனக்குப் பெரிய மனசு கஸ்தூரி. எங்கடா போட்டுக் குடுத்துருவியோன்னு எனக்கு ஒதறிக்கிட்டே இருந்துச்சு.

கஸ்தூரி: எதக்கா?

ராஜம்மா: அந்தக் கடையில என்னையப் பாத்தத. தங்கச்சி கூட்டிட்டுப் போனாளா... நண்டு நல்லாருக்கும்னா...

கஸ்தூரி: ஐயோ அக்கா! நான் யாரையுமே பாக்கல. அந்தப் பின்கட்டுல நின்னா சொவருதான் தெரியும்!