சந்தை முனைக்கு சிக்னல் வந்த விதம்

உங்கள் ஸ்டேஷன் கதவின் மேல்கீல் தேய்ந்துவிட்டது, ஐயா. எண்ணெய் விட்டுப் பிரயோசனமில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். நான் ஹார்டுவேர் கடைக்காரன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கீலும் தாழ்ப்பாளும்தான் கண்ணில் படும். மனுஷர்களைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைப் பார்க்கிறேன் என்று என் மனைவிக்கே குறை உண்டு. இருக்கட்டும். ஓட்டை உடைசலைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறவர்களால்தான் ஊர் இந்த லட்சணத்தில் இருக்கிறது.

நான் வந்தது அந்த லாரி டிரைவர் விஷயமாக. ஐந்து மாதமாக உள்ளே கிடக்கிறார், பாவம். தையல்காரர் செத்ததில் அவர் பேரில் தப்பில்லை. சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மேம்பாலத்திலிருந்து இறங்கும் ரோடு எங்கள் சந்தை முனையில் வளைகிறது. சரிவில் வருகிற வண்டிக்கு, வளைவு தாண்டும்வரை குறுக்கே வரும் ஆள் தெரியாது. ஆளுக்கும் வண்டி தெரியாது. இரண்டும் தெரிகிற ஒரே இடம் என் கடை வாசல். அதனால் பல வருஷத்துக்கு முன் ஒரு காலையில், திரைச்சீலைக் கம்பியில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். துணிக்கு ஓரம் அடித்துக் கொடுத்தவர் எதிர்ச்சாரியில் கடை வைத்திருந்த தையல்காரர்தான். காசு வாங்கவில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும் தினமும் காலையிலிருந்து சந்தை கலையும்வரை நான் அங்கே நிற்பேன். வலது கையில் கொடி, அது வண்டிக்கு. இடது கை ஆட்களுக்கு. இடது கையை அசைத்தால் வரலாம் என்று அர்த்தம். கொஞ்ச காலத்தில் யாரும் ரோட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். என் கையைப் பார்ப்பார்கள், வருவார்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்புவது என்பார்களே, அதை நான் தினமும் நேரில் பார்த்தேன்.

'கொடிக்காரர்' என்று பேர் வைத்தார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்? அதனால்தான் உள்ளூர்த் தேர்தலுக்கு நின்றேன், சுயேச்சையாக. நான் அடித்த நோட்டீஸைத் தேடிப் படித்துப் பாருங்கள். வானத்தை வில்லாக வளைப்பேன் என்று ஒரு வரி இருக்காது. சந்துக்குச் சந்து விளக்கு, சாக்கடைக்கு மூடி, சந்தைக்கு வரும் பெண்களுக்குக் கழிப்பறை, மூச்சு வாங்கும் பெரியவர்களுக்கு அங்கங்கே ஒரு பெஞ்சு. எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், சந்தை முனைக்கு சிக்னல். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாமான் எவ்வளவு வேண்டும் என்றுகூட எனக்கு மனப்பாடம். மற்ற வேட்பாளர்களுக்குத் தங்கள் தெருவில் எத்தனை சந்து என்றே தெரியாது.

தேர்தலுக்கு முன்பே சிக்னலைக் கொண்டுவந்து காட்டிவிட வேண்டும் என்று போக்குவரத்து அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் ஓர் அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"அந்த முனையில ஒரு விபத்துகூடப் பதிவாகலையே. ரொம்பப் பாதுகாப்பான இடம்னு காட்டுது" என்றார்.

"நான் நிக்கிறதாலதான் சார்."

"அப்ப நீங்களே நில்லுங்க. எதுக்கு சிக்னல்?"

அவரைக் குறை சொல்லமாட்டேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என் பிள்ளையை நானே இத்தனை வருஷம் அழவிடாமல் வைத்திருந்தேன். நான் ஒழுங்காக வேலை செய்ததுதான் எங்களுக்கு சிக்னல் வராததற்குக் காரணம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்தேன். சிரிப்புகூட வந்தது.

அன்று சாயங்காலம் தையல்காரர் கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். தையல்காரர் மெஷினை நிறுத்தாமலே, "யாராவது ஒருத்தர் செத்தாத்தான்ணே இவங்க கண்ணு திறக்கும்" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். இதை எல்லாரும் எல்லா ஊரிலும் சொல்கிறார்கள், ஐயா. நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறோம். நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார். "அண்ணே, நீங்க ஜெயிச்சு ஆபீஸ்ல போய் உக்காந்துட்டா எங்களை யாரு ரோடு தாண்டி விடுறது? நாற்காலியெல்லாம் நமக்கெதுக்கு? கொடி பிடிக்க உங்களை விட்டா ஆள் கிடையாது. பேசாம இங்கயே நில்லுங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழுசாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்கலாம், ஒரு வாரம் நிற்காமல் இருந்திருந்தால் தானாக ஏதாவது நடந்திருக்குமே என்று. அதை யோசிக்காமலா இருப்பேன்? ஆனால் நான் நிற்காவிட்டால் யார் அடிபடுவார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்துப் பேர் கை கோத்துக்கொண்டு வருவார்கள். அப்படிப் பொறுப்பில்லாமல் விட என் மனசு ஒப்பவில்லை. ஒரு காரியத்தைச் செய்தால் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும்.

நான் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல நின்றேன், அவ்வளவுதான். முதலில் நர்ஸம்மா வந்தார். அவரை நம்பி ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் படுத்திருக்கிறார்கள். கொடியைத் தூக்கி, வண்டியை நிறுத்தி, அவரைத் தாண்டிவிட்டேன். பிள்ளைகளைத் தாண்டிவிட்டேன். தபால்காரர் வந்தார். அவர் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் முடியவில்லை. தாண்டிவிட்டேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், வாங்கின ஏணியைத் திருப்பித் தராதவர், அவரைக்கூடப் பத்திரமாகத் தாண்டிவிட்டேன். எனக்கு யார்மேலும் பகையில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் தையல்காரர் வந்தார். அக்குளில் ஒரு துணிமூட்டை. சரிவில் சிமெண்ட் லாரி இறங்கிக்கொண்டிருந்தது. நான் கொடியைத் தூக்கவில்லை. இடது கையை அசைத்தேன்.

அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

டிரைவர் பிரேக்கை மிதித்தார். கொடி தெரியாத இடத்தில் எவன் முன்கூட்டியே மிதிப்பான்? அதைத்தான் சொல்கிறேன், அவர் மேல் தப்பில்லை. முதலில் ஓடிப் போனது நான்தான். தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அதிக நேரம் இல்லை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரிக்காரன் கொடியை மதிக்காமல் வந்துவிட்டான் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குத் தையல்காரர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நேத்துதான்ணே சொன்னாரு. அண்ணனைக் கேலி பண்ணது தப்பு, அவருக்காக நாம வீடு வீடாப் போயி ஓட்டுக் கேக்கணும்னு. உங்ககிட்ட சொல்றேன்னுதான் கிளம்புனாரு."

அது முன்பே தெரிந்திருந்தாலும் நான் செய்தது மாறியிருக்காது. அநேகமாக மாறியிருக்காது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நான்தான் முன்வரிசை. அதே அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். மாதம் முடிவதற்குள் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, விளக்கு எரிந்தது. இன்றைக்குப் போய்ப் பாருங்கள். லாரி நிற்கிறது, பிள்ளைகள் கதை பேசிக்கொண்டு தாண்டுகிறார்கள். ஓர் ஆள், ஒரே ஓர் ஆள். அந்த ரோட்டில் இனி எத்தனை தலைமுறை நடக்கப் போகிறது என்று கணக்குப் போடுங்கள். எனக்கு வருத்தமில்லை. மறுபடியும் அந்த இடத்தில் நிற்க வைத்தாலும் இடது கையைத்தான் அசைப்பேன்.

இத்தனை நாள் ஏன் வரவில்லை என்கிறீர்களா? தேர்தல் வேலை இருந்தது, ஐயா.

தெருக்காரர்கள் தையல்காரர் மனைவியை நிறுத்தினார்கள். அந்த அம்மாளுக்குச் சாக்கடை மூடி வட்டமா சதுரமா என்று தெரியாது. என் நோட்டீஸையே எடுத்து, வரிக்கு வரி அப்படியே, மேலே தையல்காரர் படத்தைப் போட்டு அச்சடித்தார்கள். என் வீடு தேடி வந்து, "அண்ணே, நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கணும்" என்றார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. எண்ணிப் பார்த்தபோது எனக்கு விழுந்தது என் வீட்டில் இருக்கும் ஓட்டைவிடக் குறைவு. மனைவியை நான் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நான் தோற்றதால் வந்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். டிரைவருக்காகத்தான் வந்தேன். அவருக்கும் குடும்பம் இருக்கும்.

நேற்று வெற்றிக் கூட்டம். சிக்னலுக்குக் கீழேயே மேடை. அந்த அம்மாள் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்தி, மைக்கைப் பிடித்தார். "இந்த விளக்கைப் பாருங்க. இது என் வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்து வாங்கித் தந்தது" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர். நான் மட்டும் இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் நேராக இங்கே வந்துவிட்டேன்.

அவர் எதையும் கொடுக்கவில்லை, ஐயா. அவர் பாட்டுக்கு ரோட்டைத் தாண்டினார். கொடுத்தது நான். அதை என் பேர் போட்டு, தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.