டிரைவரையும் சேர்த்து

டிரைவர்: ...அது எப்படி டீச்சர் தப்பாகும்? எங்க பாப்பா எழுதினது சரிதான். நீங்களே இன்னொரு தடவை படிங்க.

டீச்சர்: மூணு தடவை படிச்சாச்சு. முதல்ல உக்காருங்க. பார்த்து... ரெண்டாங்கிளாஸ் பெஞ்சு அது.

டிரைவர்: நின்னுக்கிறேன். வெளியில பஸ் நிக்குது, பத்து நிமிஷத்துல எடுக்கணும். படிங்க.

டீச்சர்: 'ஒரு பேருந்தில் 14 பயணிகள் இருந்தனர். நிறுத்தத்தில் 6 பேர் இறங்கினர். இப்போது பேருந்தில் எத்தனை பேர்?' பதினாலுல ஆறு போனா எட்டு. கிளாஸே எட்டுன்னு எழுதியிருக்கு. உங்க வீட்டு நோட்டுல மட்டும் பத்து.

டிரைவர்: எட்டுப் பயணி, சரி. வண்டி தானா ஓடுமா? ஓட்டுறவன் ஒருத்தன், டிக்கெட் கிழிக்கிறவர் ஒருத்தர். ஆக பத்து. நாங்க ரெண்டு பேரும் ஆளாத் தெரியலையா உங்களுக்கு?

டீச்சர்: அட... அப்படி வர்றீங்களா...

டிரைவர்: டிரைவர் பொண்ணு, அப்பனை மறக்காம எண்ணியிருக்கா. அதுக்குப் போய் சிவப்பு மையில இவ்வளவு பெரிய பெருக்கல் குறி. ரெண்டு நாளா என்கிட்டப் பேச்சே இல்ல. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கிட்டு அவங்க அம்மா பக்கம் போயிடுறா.

டீச்சர்: தப்புப் போட்டது நான். கோபம் உங்க மேலயா?

டிரைவர்: அது... சின்னப் பிள்ளை. கோபத்துக்கு ஒரு ஆள் வேணும்ல. வருஷம் முழுக்க முழு மார்க் வாங்கினவ டீச்சர். அந்த ஒண்ணைப் போட்டு விடுங்க. வீட்டுல நான் மனுஷனா நடமாடணும்.

டீச்சர்: போடலாம். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு கணக்குப் போடுங்க. ஸ்டாப்புல நாலு பேர் ஏறினாங்க. இப்போ பதினோரு பயணி. ஸ்டாப்புக்கு முன்னாடி எத்தனை?

டிரைவர்: ஏறினாங்கன்னா கூட்டல். பதினஞ்சு.

டீச்சர்: பதினஞ்சு பேரோட வந்தீங்க, மேல நாலு பேரை ஏத்தினீங்க, கடைசியில பதினோரு பேர்தான் இருக்காங்க. மத்தவங்களை எங்க தள்ளி விட்டீங்க?

டிரைவர்: இருங்க இருங்க... 'ஏறினாங்க'ன்னு நீங்கதான சொன்னீங்க?

டீச்சர்: பிள்ளைங்களும் இதைத்தான் செய்யுதுங்க. ஏறினா கூட்டல், இறங்கினா கழித்தல்னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதுங்க. எண்ணெல்லாம் கொஞ்ச நேரம் மறந்துடுங்க. கண்ணை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டுங்க.

டிரைவர்: கண்ணை மூடிக்கிட்டா? வேலை போயிடும் டீச்சர்.

டீச்சர்: மனசுக்குள்ள ஓட்டுங்க. ஸ்டாப் வருது. நிறுத்துறீங்க. கூட்டம் கூடுதா, குறையுதா?

டிரைவர்: கூடுது. கூடித்தான் பதினொண்ணு ஆச்சு... அப்ப முன்னாடி கம்மியால்ல இருந்திருக்கணும்? வந்த நாலு பேரை எடுத்துட்டா... ஏழு.

டீச்சர்: ஏழு. உங்களைச் சேர்க்காம.

டிரைவர்: சேர்த்தா ஒன்பது.

டீச்சர்: விட மாட்டீங்க. சரி, கேள்வியில தப்பு என்னுதுதான். 'எத்தனை பயணிகள்'னு கேட்டிருக்கணும். பத்தும் சரி. போதுமா?

டிரைவர்: அப்ப என் பொண்ணு ஜெயிச்சிட்டா.

டீச்சர்: உங்க பொண்ணா? நோட்டை இப்படி வெளிச்சத்துல பிடிங்க. ரப்பர் போட்ட இடத்துல அடியில என்ன தெரியுது? எட்டு. மேல இருக்கிற பத்துல சைபருக்குக் குறுக்கே ஒரு கோடு. பாப்பா அப்படிப் போட மாட்டா. டைரியில நீங்க கையெழுத்துப் போட்டுத் தேதி எழுதுற இடத்துல எல்லாம் அந்தக் கோடு இருக்கு.

டிரைவர்: ...டிரிப் ஷீட் எழுதி எழுதி வந்த பழக்கம் டீச்சர். அவ பல்லு விளக்கப் போனப்ப நோட்டைப் பார்த்தேன். அவ்வளவு பெரிய வண்டியில நான் இல்லவே இல்ல. மனசு கேக்கல... அவ கேட்டப்ப நான் நோட்டைத் தொடவே இல்லன்னு சாதிச்சுட்டேன். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க.

டீச்சர்: நான் என்னத்தைச் சொல்ல? அவ காலையிலேயே வந்து எல்லாம் சொல்லி, மார்க்கையும் வாங்கிட்டுப் போயாச்சு. 'அப்பா வந்தா உடனே சொல்லாதீங்க மிஸ், முதல்ல ஒரு கணக்குக் குடுங்க, எல்லாத்தையும் கூட்டிடுவாரு'ன்னா. நீங்க உள்ள வந்ததும் பையைத் தூக்கிக்கிட்டு உங்க பஸ்ஸுல முன் சீட்டுல போய் உக்காந்துட்டா. போங்க, அவளையும் சேர்த்து எண்ணுங்க.