உயிரோடு இருப்பவனுக்கு வந்த ஒப்பாரி

மேடையின் நடுவே நடுநிலை தவறாது வீற்றிருக்கும் தலைவி, நம் பிள்ளைகளுக்கு எழுத்தைக் கொடுத்து, எழுத்தோடு சேர்த்து அடியையும் கொடுத்த பிரேமினி டீச்சர் அவர்களே! பூண்டுலோயா பஜாரிலே போன் கடை வைத்து, எங்கள் தலைமுறையின் கையிலே இந்தக் கண்ணாடிச் சாமானைத் திணித்துவிட்டு, "நானா, படம் அசையுதில்லையே" என்று நாங்கள் போய் நிற்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைக்கும் பெருந்தகை ரிஸ்வி நானா அவர்களே! மரண சகாய சங்கத்தின் செயல்வீரர், செயலாளர், சென்ற மாதம் என் சாவுக்குச் சொந்தக் கையால் வெள்ளைக் கொடி கட்டிய அன்புத் தம்பி துஷாந்த் அவர்களே! கொழுந்தெடுத்துக் குடும்பம் காத்த குலவிளக்குகளாகிய தாய்மார்களே! தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியே காலம் கழித்த பெரியோர்களே! உள்ளே நாற்காலி காலியாகக் கிடந்தும் வாசலில் நின்றே கூட்டம் கேட்கும் வாலிபச் சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும், எழுபத்தொரு வயதிலே ஒரு முறை செத்துப் பிழைத்த அழகுமுத்துவின் வணக்கம்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். செத்தவன் எழுந்து வந்து பேசுவதை வேறெந்தச் சங்கத்திலே கேட்டிருக்கிறீர்கள்?

இன்றைய ஆண்டுக் கூட்டத்தின் ஏழாவது தீர்மானம் என்ன? அறுபது வயதைத் தாண்டியவர்களை நம் தோட்டத்து மேற்கணக்குப் பிரிவின் மரண சகாய சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்குவது. அவர்களுக்குரிய சேதியை அந்தந்த வீட்டு இளையவர்கள் சொல்லிக்கொள்வது. முதலாவதாக நீக்கப்பட வேண்டியவர் மீனம்மா என்று பெயர் போட்டே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

யார் இந்த மீனம்மா? அதோ, கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அந்தத் தங்கச்சிதான். நாற்பத்தொரு வருடம் கூடை சுமந்த தலை. நம் மலையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரி சொல்லிக் கல்லையும் அழவைக்கும் குரல். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஐந்தாம் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் தனி ஆள். மகன்கள் இருவரும் கொழும்பில். அந்த வீட்டில் சேதி சொல்ல எந்த இளையவரைத் தேடுவீர்கள், துஷாந்த் தம்பி? அடுப்படியில் படுத்திருக்கும் பூனையையா?

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள், ஆனால் கேட்டுக்கொண்டே சிரியுங்கள்.

முதியவர்களாகிய எங்கள் மேல் குற்றமே இல்லை என்று சாதிக்க நான் வரவில்லை. விடிந்தால் ரோசாப்பூப் படம் அனுப்புகிறோம், ஒப்புக்கொள்கிறேன். வந்த பூவையே திருப்பி அனுப்புகிறோம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். வீடியோ அழைப்பு வந்தால் போனைக் காதில் வைத்துக்கொள்கிறோம். கட்டார் நாட்டில் இருக்கும் என் மகன் இரண்டு வருடமாகப் பார்த்ததெல்லாம் என் வலது காதைத்தான். போன தீபாவளிக்குத்தான், "அப்பா, காதுல முடி நரச்சிருச்சுங்கப்பா" என்று விசாரித்தான்.

ஆனால் இளையவர்களே, இலட்சியவாதிகளே, இணையத்தின் இளவரசர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். "உங்களுக்குப் பரிசாகக் கார் விழுந்திருக்கிறது, இருபது பேருக்கு இதை அனுப்புங்கள்" என்ற சேதி நம் குரூப்பிலே வந்ததே, அதை அனுப்பியது அறுபது வயதுக்காரரா? அனுப்பியவர் மேடையிலேயே இருக்கிறார். அவர் இப்போது கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கார் வந்து சேர்ந்ததா, தம்பி? அன்றைக்கு உங்களை நீக்க யாராவது தீர்மானம் கொண்டுவந்தோமா?

சரி, என் சாவுக்கு வருகிறேன்.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. விடிகாலை ஆறரை மணிக்கு நம் குரூப்பிலே ஒரு வாய்ஸ் வந்து விழுந்தது. ஆறு நிமிடம், நாற்பது விநாடி. மீனம்மாவின் குரல்.

"தட்டு நெறையக் கொழுந்து வாட்டி – எங்க
தங்கமான அண்ணாவே,
கொழுந்து வாடும் முன்னாடியே – எங்க
கொலத்த வாட்டிப் போனீங்களே,
அழகுமுத்து அண்ணாவே!"

கேட்டீர்கள் அல்லவா? தேயிலை ஸ்டோரிலே முப்பத்தெட்டு வருடம் கொழுந்து வாட்டிய அழகுமுத்து இந்த மலையில் வேறு யார்? வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்திலே நின்ற பெண்கள் கூடையை இறக்கி வைத்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே தொப்பியைக் கழற்றிவிட்டார் என்று கேள்வி. அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். வீடு பூட்டியிருந்தது, உள்ளே என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ட்டாங்க போல" என்று முடிவு கட்டினார்கள். மீனம்மாவைக் கேட்கலாமென்றால், வாய்ஸை அனுப்பிய கையோடு அது விறகுக்குப் போய்விட்டது.

என் இல்லத்தரசி லெட்சுமி அன்று நுவரெலியா கிளினிக்கில் இருந்தாள். அங்கே சேதி போயிருக்கிறது. "அழுதியா?" என்று பிறகு கேட்டேன். "அழுதேன். அதப் பாத்துட்டு வரிசைல மொதலாளா விட்டாங்க. மருந்த வாங்கிக்கிட்டு, மறுபடி அழுதுக்கிட்டே பஸ் ஏறுனேன்" என்றாள். அதோ, மூன்றாம் வரிசையில் தலையாட்டுகிறாள் பாருங்கள்.

நான் எங்கே இருந்தேன்? காலை முதல் பஸ்ஸில் பஜாருக்குப் போய், பேக்கரியில் பாண் இரண்டு றாத்தல் வாங்கிக்கொண்டு ஒன்பதரை மணிக்கு வந்து இறங்குகிறேன். வழி நெடுக வெள்ளைக் கொடி. ஏணியிலே ஏறி நின்று துஷாந்த் தம்பி கொடி கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே நின்று கேட்டேன்.

"யாருப்பா?"

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "நம்ம அழகுமுத்து தாத்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பாருங்கள், இந்தப் பாழாய்ப்போன ஆசை விடுகிறதா? "ஐயோ பாவம், எப்பிடிப்பட்ட மனுசன்!" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"நல்ல மனுசந்தாங்க. வாய்தான் கொஞ்சம் நீளம்" என்றார் செயலாளர். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். ஏணி, கொடி, செயலாளர் மூன்றும் ஒன்றாகக் கீழே வந்தன.

போதும், சிரித்தது போதும். சிரிப்புக்குப் பின்னால் நடந்ததைக் கேளுங்கள்.

அரை நாள் வேலை போன கோபம் யார் தலையில் விடிந்தது? மீனம்மா தலையில். "உசுரோட இருக்க மனுசனுக்கு ஒப்பாரி வச்ச வாயா இது?" என்று கேட்டீர்கள். "கிழவிக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்றீர்கள். குழாயடியிலே அது குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்தீர்கள். அது ஒரு வார்த்தை பதில் பேசியதா? இல்லை. போனை ஒரு பழைய துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டது.

என்னம்மா சொல்றீங்க, நடுவிலே? சத்தமாகச் சொல்லுங்கள். "அவ ஏன் அப்பிடிப் பாடுனா?" கேட்டாரய்யா கேள்வி! இந்த ஒரு கேள்வியை ஒரு மாதமாக யாருமே கேட்கவில்லையே, ஏன்? கேட்டிருந்தால் நான் அன்றைக்கே மாட்டியிருப்பேன்.

ஆமாம். பாடச் சொன்னவன் நான்.

டீச்சர், மணியை அடிக்காதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள். ஒரு மாதமாக விழுங்கியதைத் துப்ப வேண்டாமா?

பங்குனியிலே நம் ஏழாம் லயத்துப் பெரியவர் காலமானபோது மீனம்மா இரண்டு மணி நேரம் பாடியதே, நினைவிருக்கிறதா? நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை ஐயா, பொறாமை வந்தது! இவ்வளவு புகழையும் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் படுத்திருக்கிறாரே மனிதர் என்று மனம் அடித்துக்கொண்டது. எனக்கும் ஒருநாள் பாடுவார்கள், எனக்கும் கேட்காது. திரும்பி வரும் வழியிலேயே கேட்டுவிட்டேன். "மீனம்மா, நான் செத்தா என்னா பாடுவ?"

"ச்சீ, வாயக் கழுவுங்கண்ணே" என்றது.

விட்டேனா? பதினோரு நாள் நச்சரித்தேன். "ஒரே ஒரு வாட்டி. போன்ல அனுப்பு. கேட்டுட்டு அழிச்சிர்றேன்" என்று கெஞ்சினேன். என் தொல்லை தாங்காமல், ஒரு விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடி, எனக்குத்தான் அனுப்பியது அந்தத் தங்கச்சி.

பிறகு எப்படிக் குரூப்புக்கு வந்தது? எழுத்துத் தெரியாதவர்களுக்குப் படம்தான் பெயர். மீனம்மா எங்களையெல்லாம் படம் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறது. லெட்சுமி என்றால் ஆடு. ரிஸ்வி நானா என்றால் கடைப் பலகை. சங்கத்துக் குரூப் என்றால் குத்துவிளக்கு. அழகுமுத்து அண்ணன் என்றால் நம் கோயில் மாரியம்மன். முதல் நாள் இரவு, தேர்த் திருவிழா வருகிறதென்று, குரூப்பின் குத்துவிளக்கை எடுத்துவிட்டு அதே மாரியம்மன் படத்தைப் போட்டார் ஒருவர். யார் அவர்? மறுபடியும் கூரையைப் பார்க்கிறார்! மீனம்மா மாரியம்மனைத்தான் அமுக்கியது. அதன் மேல் என்ன பிழை?

பிழையெல்லாம் என் மேல். அதுகூட முழுப் பிழை இல்லை. முழுப் பிழை அதற்குப் பிறகு செய்தேன். உங்கள் ஏச்சையெல்லாம் அது வாங்கிக்கொண்டு நின்றபோது, "அண்ணன்தான் கேட்டாரு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருக்கும். என் மானம் போய்விடுமென்று சொல்லவில்லை. நான் என்ன செய்தேன்? கண்டம் தப்பிய மகராசன் என்று வீட்டுக்கு வீடு திருஷ்டி சுற்றி, கோழிக் குழம்பு கொண்டுவந்தீர்கள். மூன்று வாரம் வாயைத் திறக்காமல் தின்றேன். வெட்கமாக இருக்கிறது. இந்த மேடையில் நின்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். நம் குரூப்பின் பெயர்தான் மரண சகாயம். அதில் ஓடுவது முழுக்க முழுக்க வாழ்க்கை. ஆடு காணாமல் போனாலும் அதில்தான், பஸ் வராவிட்டாலும் அதில்தான். தினமும் காலையில் மீனம்மா வாசலில் உட்கார்ந்து எதிர் மலையைப் பார்க்கும். குளவிக் கூட்டம் கிளம்பினால் உடனே வாய்ஸ் போடும். "ஏய் புள்ளைகளா, பதினேழாம் நம்பர் மலையில கொளவி எந்திரிச்சிருச்சு, கெழக்கால ஓடுங்க!" கொழுந்து பறிக்கும் கை போனில் எழுத்துக் கூட்டுமா? கூட்டாது. ஆனால் காது கேட்கும். எத்தனை முறை அந்தக் குரல் கேட்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். அப்பாடி! எத்தனை கை!

சென்ற செவ்வாய்க்கிழமை எந்தக் குரலும் வரவில்லை. குளவி கொட்டி நாலு பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். இதோ, ராசம்மா முகத்தில் இன்னும் வீக்கம் வற்றவில்லை. நேற்று மீனம்மா என்னிடம் வந்து அழுதது. "எனக்குக் கொளவி தெரிஞ்சிச்சுண்ணே. பொட்டியத் தொறந்து போன எடுத்துட்டேன். மறுபடி தப்பான எடத்துல அமுக்கிருவேனோ, மறுபடி ஏசுவாங்களோன்னு திரும்பத் துணியில சுத்தி வச்சிட்டேன். அமுக்கலண்ணே." அதைக் கேட்ட பிறகுதான் இன்றைக்குப் பேச டீச்சரிடம் பெயர் கொடுத்தேன்.

பதறிய விரல் பெரும் பாவமா, பயமுறுத்திய வாய் பெரும் பாவமா? தவறாக அழுத்தியவரை நீக்குவீர்கள் என்றால், தவறென்று தெரிந்தே மறைத்தவனை என்ன செய்வீர்கள்? முதலில் என்னை நீக்குங்கள்! அழகுமுத்துவைக் குரூப்பிலிருந்து நீக்க ஆதரவு தருவோர் கை தூக்குங்கள்!

லெட்சுமி, ஒரு கை போதும். இரண்டையும் தூக்கக் கூடாது.

அவச்சொல் விழுந்தது குரூப்பிலே. ஆகவே மன்னிப்பும் குரூப்பிலேதான் விழ வேண்டும். ஒலிவாங்கியைச் சற்று நகர்த்துங்கள் தம்பி. இதோ, அமுக்கிவிட்டேன், சத்தம் போடாதீர்கள். "மேற்கணக்குச் சனங்களுக்கு அழகுமுத்து பேசுறேன். அந்த ஒப்பாரிய நாந்தான் கெஞ்சிக் கேட்டு வாங்குனேன். மீனம்மா மேல ஒரு பிழையும் இல்ல. தங்கச்சி, என்னய மன்னிச்சிரு."

கேட்கிறதா? மண்டபம் முழுக்க மடியிலும் பையிலும் மணி அடிக்கிறதே! ரிஸ்வி நானாவின் சட்டைப் பையிலும் அடிக்கிறது. தாய்மார்கள் காதில் வைத்துக் கேட்கிறார்கள். நேரே கேட்டதைப் போனில் இன்னொரு முறை கேட்டால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது.

துஷாந்த் தம்பி எழுந்து நிற்கிறார். என்ன தம்பி? "ஏழாவது தீர்மானத்த வாபஸ் வாங்கிர்றேங்க தாத்தா. ஏணியில இருந்து விழுந்து அடிபட்டாலும் நான் படத்த மாத்துனது தப்புதாங்க. குத்துவெளக்க இப்பவே போட்டுர்றேன்" என்கிறார். கேட்டீர்களா! வாழ்க செயலாளர்!

ஆ, தூணுக்குப் பின்னால் அசைகிறது. மீனம்மா எழுந்துவிட்டது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, அது சொல்வதை அப்படியே நான் சொல்கிறேன்.

"மன்னிப்பெல்லாம் வேணாம்ணே. உங்களுக்குன்னு மனசுல சேத்து வச்சிருந்தத எல்லாம் அன்னிக்கே பாடித் தீத்துட்டேன். இனி உங்களுக்குப் பாட எங்கிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. அதனால நீங்க சாகாம இருங்க."

ஐயா, பேசியே பழகிய வாய் இது. இன்றைக்கு இதோடு மூடிக்கொள்கிறது.

பொறுத்திருந்து கேட்ட தலைவி அவர்களுக்கும், பொறுக்காமல் சிரித்த உங்களுக்கும், திங்கட்கிழமை காலையில் என் சாவுக்கு ஓடிவந்த ஒவ்வொரு காலுக்கும் என் நன்றி. தங்கச்சி சொன்னபடியே இருக்க முயற்சி செய்கிறேன். வணக்கம்!