பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, ஏதோ புரிந்தது போலத் தலையாட்டுகிறார்கள். நான் எஞ்சினுக்குக் கடைசியில்தான் வருவேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டியென்றால் முதலில் டயர். நாலும் ஒரே கம்பெனிதானா, ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்றால் அந்த வண்டி தன் வயிற்றுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு ஓடும். முன்சக்கரம் ஒரு வேகத்தில், பின்சக்கரம் ஒரு வேகத்தில் சுற்ற, நடுவில் இரண்டையும் பிணைக்கிற பெட்டி சூடேறிச் சூடேறி ஒருநாள் இறுகி நின்றுவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விபத்தைப் பற்றி உங்கள் பொறியாளர் கொடுத்த அறிக்கையைப் படித்தேன். பதினோரு பக்கம். நன்றாகவே எழுதியிருக்கிறார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் தவறு. ‘பின்சக்கரத்துக்குச் செல்லும் பிரேக் குழாயில் இருந்த துருவை, வண்டியை முன்பு ஆய்வு செய்தவர் கவனிக்கத் தவறியிருக்கிறார்.’ ஆய்வு செய்தவர் நான். பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. வாங்குகிறவர் கூப்பிட்டால் போய், விற்கிறவரின் வண்டியைப் பார்த்து, நாற்பத்திரண்டு வரி கொண்ட ஒரு தாளில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுப்பேன். எதையும் கவனிக்கத் தவறியதில்லை. அந்த வரியைத் திருத்தச் சொல்லத்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

வண்டி என் தங்கை வீட்டுக்காரருக்கு. அவர் எலக்ட்ரீஷியன். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மின்நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது, தங்க வீடும் கொடுத்திருந்தார்கள். கடைசி ஆறு மைல் சேற்றுப்பாதை என்பதால் இப்படிப்பட்ட வண்டிதான் தேவைப்பட்டது. அதுவரை அவர், தங்கை, அவர்களுடைய ஐந்து வயதுப் பெண் மூன்று பேரும் என்னோடுதான் இருந்தார்கள். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வீடு. தங்கை விடியற்காலையில் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போய்விடுவாள். குழந்தையை எழுப்புவது, தலைவாருவது, பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது எல்லாம் நான். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். காலையில் பொத்தானின் நாலு துளையும் அவள் விரலில் பதிந்திருக்கும். அவளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்த நாளில் நான் அழவில்லை, சண்டை போடவில்லை. “நல்ல வேலை, விட்டுடாதீங்க” என்றுதான் சொன்னேன்.

வண்டியை விற்றவர் ஒரு பல் மருத்துவர். பதினாலு வருடத்து வண்டி, ஆனால் பளபளவென்று நின்றது. தங்கை கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“அக்கா கண்ணு எக்ஸ்ரே கண்ணு டாக்டர். அவங்க சரின்னு சொல்லிட்டா நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன்.”

“மாப்பிள்ளை பாக்குறப்பவும் இவளை இப்படி அடியில படுத்துப் பாக்கச் சொல்லியிருக்கணும்,” என்றாள் தங்கை. “அப்பவே தெரிஞ்சிருக்கும், வாய் மட்டும்தான் ஓடும்னு.”

“ஏய், உங்கக்கா முன்னாடி மானத்தை வாங்காதே.”

டாக்டரும் சிரித்தார். “போன மாசம்தான் அடிப்பக்கம் பூரா கறுப்பு பெயின்ட் அடிச்சு வச்சேம்மா. வாங்குறவங்களுக்குச் சுத்தமா குடுக்கணும்ல” என்றார். நல்ல மனிதர். அவருக்குத் தெரியாது. கிழவன் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ, அதையேதான் பழைய வண்டியின் அடியில் புதுப் பெயின்டைப் பார்க்கும்போது நாங்கள் நினைப்போம்.

பாயை விரித்து அடியில் போனேன். பின்சக்கர அச்சுக்கு மேலே, கொக்கி ஒன்று குழாயைப் பிடித்திருக்கும் இடம். சேறும் தண்ணீரும் தங்குகிற இடம் அதுதான். பெரும்பாலானவர்கள் அங்கே கையை விட மாட்டார்கள். நான் நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் உரிந்து, அதற்குக் கீழே குழாயின் மேல்பரப்பும் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. ஒரு விரற்கடை நீளத்துக்குத் தாள் கனத்துக்குத்தான் இரும்பு மிச்சம், மற்றதெல்லாம் துரு. ஊரில் சமதளத்தில் ஓட்டினால் ஒரு வருடம் தாங்கலாம். பாரம் ஏற்றி, நீண்ட இறக்கத்தில், திரும்பத் திரும்ப மிதித்தால் தாங்காது. அது வெடித்துவிட்டால் மிச்சம் உள்ள முன்பிரேக் கொஞ்சத் தூரத்திலேயே காய்ந்து பிடிக்காமல் போகும். இதெல்லாம் எனக்கு அங்கே படுத்திருந்தபோதே தெரியும்.

வெளியே அவர்களுடைய செருப்புக் கால்கள் தெரிந்தன. தங்கை குதிகாலை ஆட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே சந்தோஷமாக இருந்தால் அப்படித்தான் ஆட்டுவாள்.

வெளியே வந்து, “டயர் நாலும் ஒண்ணா இல்ல. பின்னாடி ரெண்டு புதுசு” என்றேன். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்துக் காட்டினேன். வண்டி தத்தித் தத்தி நகர்ந்தது. அந்தப் பெட்டி இறுக ஆரம்பித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். தாளில் டயர் வரியில் ‘பொருத்தமில்லை’ என்று எழுதினேன். பிரேக் குழாய் வரியில் ‘வெளிப்பார்வையில் நலம்’ என்று எழுதினேன். அது பொய்யில்லை. வெளியிலிருந்து பார்க்க நலமாகத்தான் இருந்தது.

அன்று என் மனதில் இருந்தது இவ்வளவுதான்: டயரை மாற்றாமலே வாங்கிக் கிளம்புவார், வண்டி ஏற்றத்திலேயே இறுகி நின்றுவிடும். இறக்கமே வராது. இழுத்துக்கொண்டு வருவார்கள். வேலைக்குச் சேரும் நாள் தப்பிப்போகும். பிறகு யாரும் போக வேண்டியிருக்காது. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழாது. இந்தக் கணக்கை நான் மனதார நம்பினேன். நீங்களும் நம்புவீர்கள் என்று நினைக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் தங்கை கணவர் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள். வண்டியை வாங்கி, மூன்றாம் நாள் நாலு புது டயரோடு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, நீங்க சொன்னபடி நாலும் ஒரே செட். ஒரு ரவுண்டு அடிச்சுப் பாருங்க.”

அடித்துப் பார்த்தேன். வண்டி தத்தவில்லை. பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. வெண்ணெய் மாதிரி திரும்பியது. இனி அது ஏற்றம் ஏறும். ஏறினால் இறங்கியாக வேண்டும்.

“என்னக்கா, சரியாயிடுச்சா?”

“சரியாயிடுச்சு” என்றேன்.

“அப்ப கிளம்பலாமா?”

“கடைசியா ஒரு தடவை மேடையில ஏத்திப் பாத்துடறேன். நீங்க போய்ச் சாமான் கட்டுங்க.”

அவர் போனபிறகு வண்டியை மேடையில் ஏற்றி உயரத் தூக்கினேன். அந்தக் குழாய் மொத்தமே முக்கால் மணி நேர வேலை. புதுக் குழாய் என் அலமாரியில் சுருளாகத் தொங்கியது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு, என் நகம் சுரண்டிய இடத்தில் பழுப்பாகத் தெரிந்ததை, ஒரு சின்னத் தூரிகையால் கறுப்பு பெயின்ட் தொட்டு மூடினேன். உங்கள் பொறியாளர் இதையும் பார்க்கவில்லை. அந்த ஒரு விரற்கடைக்கு மட்டும் இரண்டு பூச்சு இருக்கும். மேலே இருப்பது என்னுடையது.

இதைச் செய்யும்போது எனக்குக் கோபமோ பதற்றமோ இருந்ததாக நினைவில்லை. பெயின்ட் வழியாமல் பூச வேண்டும் என்பது மட்டும் கவனத்தில் இருந்தது. அப்போதும் எனக்குள் ஒருத்தி ‘ஏற்றத்திலேயே நின்றுவிடும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளை நான் தடுக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்வரை என் கை ஆடாது.

அவர்கள் கிளம்பிய காலையில் நல்ல வெயில். வண்டியின் பின்பக்கம் கூரை முட்ட சாமான். தங்கை முன்சீட்டில் ஏறிவிட்டாள். அவள் மடியில் இருந்த குழந்தை லேசாக மூக்கை உறிஞ்சியது.

“சளி பிடிச்சிருக்கு பாரு. அங்க குளிரும். வீடெல்லாம் கழுவித் துடைச்சு அடுக்கினப்புறம் ஒரு வாரம் கழிச்சு நானே கொண்டுவந்து விடறேன்” என்றேன்.

“அங்க போனா சரியாப் போயிடும்க்கா.”

“சொன்னாக் கேளு.”

தங்கை என்னையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “உனக்கு அவளை விட மனசில்லன்னு நேரா சொல்லேன். சரி, ஒரு வாரம்தான். எண்ணிக்கிட்டு இருப்பேன்.” நான் குழந்தையை இறக்கிக்கொண்டதும், ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அதன் கன்னத்தைக் கிள்ளினாள். “பெரியம்மாவைப் படுத்தாதடி.”

வண்டி ஏற்றத்தைச் சுலபமாகவே ஏறியிருக்கிறது. இறக்கத்தில் ஒன்பதாவது வளைவில் குழாய் வெடித்திருக்கிறது. பதினோராவது வளைவில் தடுப்பு இல்லை. அவர் அங்கேயே இறந்துபோனார். தங்கை பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, இனி வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மாதமாக அவள் என் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறாள். நான்தான் துடைத்துவிடுகிறேன், ஊட்டுகிறேன், புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறேன். குழந்தை கட்டிலுக்கு அடியில் பாய் போட்டு விளையாடுகிறது. அதாவது, நான் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது. இனி யாரும் எங்கும் போகப்போவதில்லை.

உங்கள் ஆட்கள் வாக்குமூலம் வாங்க வந்தபோது தங்கை என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். “வண்டியில ஒரு குறையும் இல்ல. எங்கக்கா பாத்த வண்டி. இவர்தான் பேசிக்கிட்டே வேகமா ஓட்டினார்” என்றாள். செத்துப்போன தன் புருஷன் மேல் பழியைப் போட்டு என்னைக் காப்பாற்றினாள். எது உண்மை என்று அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அன்று மாலை கஞ்சி ஊட்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அன்னிக்கு மட்டும் நீ பாப்பாவ இறக்கலேன்னா? உனக்கு எப்படித்தான் தோணுச்சு?”

“சளி இருந்துச்சுல்ல” என்றேன்.

“நீ நல்லாருக்கணும்க்கா.”

இதை எழுதிக்கொண்டால் நான் வீடு திரும்ப மாட்டேன், குழந்தையை அத்தை வீட்டுக்கும் தங்கையை ஏதாவது விடுதிக்கும் அனுப்புவார்கள் என்று சற்று முன் சொன்னீர்கள். யோசித்துச் சொல்ல அவகாசமும் கொடுத்தீர்கள். யோசிக்க ஒன்றும் இல்லை. கவனிக்கத் தவறினேன் என்று எழுதாதீர்கள். துருவைப் பார்த்தேன், தொட்டேன், மூடினேன் என்று எழுதுங்கள். வண்டி ஏற்றத்தில் நின்றுவிடும் என்று நினைத்ததாகச் சொன்னதையும் அடித்துவிடுங்கள். நடுவழியில் நிற்கப்போகிற வண்டியிலிருந்து யாரும் குழந்தையை இறக்கிக்கொள்வதில்லை.

நீங்கள் இன்னும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. தங்கையை ஏன் இறக்கவில்லை என்பது. முடியாமல் இல்லை. தலைவலிக்கிறது, துணைக்கு இரு என்று சொல்லியிருந்தால் அவள் மறுபேச்சில்லாமல் இறங்கியிருப்பாள். வாசலில் நின்றபோது அதையும் நினைத்தேன். ஆனால் அவள் இருந்தால் குழந்தை அம்மா என்று அவளிடம்தானே போகும்.