வெள்ளைச்சுட்டி மாடு

— சத்தம் போட்டா நோவு போயிருமாங்க்கா? உங்க மாட்டு வாயெல்லாம் புண்ணானதுக்கு என்ற மாடு என்னங்க பண்ணுச்சு?

— டாக்டரு மருந்து பூசீட்டு இருக்காரு, அவரு முன்னாடியே கேக்கறேன் வள்ளியாத்தா. ஊசி முகாம் அன்னிக்கு உன்ற மாட்டை பனியன் கம்பெனி குடோனுக்குள்ள ஒளிச்சு வெச்சியாமா? ஊசி போட்டா பால் குறையும்னு? ஊரே பேசுது அம்மிணி.

— ஊருன்னா ஆருங்க? நீங்க ஒருத்தர்தானுங்களே, பழனாயக்கா.

— சிரிக்காதே. உன்ற பாலை எடுக்க வேண்டாம்னு சொசைட்டியில சொல்லிப்போட்டேன்.

— அந்தப் பால்லதானுங்க எங்க பொழப்பு! டாக்டர் சார், எம்மாட்டுக்கு ஊசி போட்டீங்களா இல்லீங்களா? நான் வேலைக்குப் போயிட்டேன், புள்ளைதான் ஊட்டுல இருந்தா.

— போட்டேனுங்க. நெத்தியில வெள்ளைச்சுட்டி. என்னை ஒதைச்ச மாட்டை மறப்பனா? கோமாரி ஒரு ஊட்டு நோவு இல்லீங்கம்மா. சர்க்கார் கோடி கோடியாக் கொட்டி ஊசி போடுது. நாட்டுலயே அது இல்லைன்னு ஆனாத்தான் பாலும் கறியும் வெளிநாட்டுல நல்ல விலைக்குப் போகும். எங்கியோ ஒருத்தர் ஒரு மாட்டை மறைச்சாலும் செலவு பூரா தண்டம்.

— ஒரு பனியன்ல கறை இருந்தா மொத்த லாட்டையே திருப்பி அனுப்பறாப்ல. கம்பெனியில செக்கிங் பாக்கற எனக்கு அது தெரியாதுங்களா?

— தெரிஞ்சவதான் மறைக்கவும் தெரிஞ்சவ. எம்மாட்டுக்கு ஊசி போட்டாச்சே, கேட்டுக்க!

— அதுதாங்க எனக்குக் கொழப்பம், பழனாயம்மா. அன்னிக்கு உங்க கட்டுத்தரையில ஊசி போட்ட மாடும் ஒதைச்சுது. அதுக்கும் நெத்தியில சுட்டி. இந்த நோவு மாட்டு மேல பொட்டு வெள்ளைகூட இல்லீங்களே?

— மருந்து பூசியாச்சுன்னா கெளம்புங்க டாக்டர் சார், நேரமாச்சு.

— ஏனுங்க்கா, பேச்சை மாத்தறீங்க? அதுதான் எம்மாட்டுக்குக் கழுத்துல ரெண்டு பக்கமும் வீக்கமா! உங்க பால் குறையாம இருக்க, எம்மாட்டைப் புடிச்சுட்டுப் போயி உங்க மாடுன்னு காட்டுனீங்களா?

— நான் புடிக்கலை அம்மிணி. ஊசி வேண்டாம்னு பையன்கிட்டச் சொன்னேன், அவ்வளவுதான்.

— உங்க பையன் ஆத்தப்பனா? அவன் கிட்டப் போனா அது கொன்னே போட்டிருக்கும். என்னையும் என்ற புள்ளையையும் தவிர ஆரு பின்னாலயும் அது ஒரு எட்டு வைக்காதுங்க.

— அப்ப உன்ற புள்ளையையே கேளு. நானும் அதைத்தான் ரோசிக்கறேன்.

— ஏ கண்ணு... இங்க வா. ஆத்தப்பன் ஊட்டுக் கட்டுத்தரையில உனக்கு என்ன வேலை?

* * *

— போன வருசத்து முகாம்ல உங்க மாடு ஒதைச்ச ஒதை இன்னும் வலிக்குதுங்க வள்ளியாத்தாம்மா. அதுக்குத்தான் இந்த முகாமுக்கு ஆளு கூட்டியாந்தேன். சுட்டி மாட்டை எங்கீங்க காணோம்?

— அதை ஏன் கேக்கறீங்க டாக்டர் சார்! தையில ஆத்தப்பனுக்கும் என்ற புள்ளைக்கும் கல்யாணம், இப்ப சோமனூர்ல குடித்தனம், மாடும் அவகூடத்தான். சீருக்கு வேற எதுவும் வேண்டாம், அந்த மாடுதான் வேணும்னு பழனாயக்கா புடிச்ச புடியா நின்னுட்டாங்க. ரெண்டு ஊசி போட்ட மாடாச்சுங்களே!